தோட்டத்துக் காற்றும் தொண்டைச் செருமலும்

ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தாளாக்கிவிட்டால் மட்டும் அது விலைக்குப் போகாது. ஈரம் வற்ற வேண்டும், பூசணம் பிடிக்கக் கூடாது. அதற்குத்தான் புகைக்கொட்டகை. பழைய ரப்பர் மரக் கட்டைகளை அடுப்பில் இட்டு மூட்டம் போடுவார்கள். மேலே கழிகளில் தாள்களை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு நான்கைந்து நாள் புகையிலேயே வைத்திருப்பார்கள். வெள்ளையாக உள்ளே போன தாள், தேன் நிறத்தில் வெளியே வரும். நாள்தோறும் உள்ளே நுழைந்து, கழிகளை இடம் மாற்றி, விறகைத் தள்ளிவிட்டு வருகிற ஆளுக்கு அந்த நான்கு நாள் கணக்கு பொருந்தாது. அவருடைய மூக்கும் தொண்டையும் அந்தப் புகையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன.

பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், தெலுக் இந்தானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். பேச்சைத் தொடங்குமுன் ஒரு செருமல், இரண்டு வாக்கியம் பேசியதும் இன்னொன்று. பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். பீடியால் வந்தது, கள்ளால் வந்தது, வயசானால் வரும் என்று காரணமும் சொல்லப்பட்டது. பீடிக்கும் அதில் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பிழைப்புக்காகச் சுவாசித்த காற்றில் என்னென்ன கலந்திருந்தது என்ற கேள்வியைத் தோட்டத்தில் கேட்டவர்கள் குறைவு.

செருமலுக்கு மரியாதையான ஒரு இடமும் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்தது பலகைச் சுவர். குளிக்கிற இடமும் பொது, குழாயடியும் பொது. ஆண்பிள்ளை வாசலுக்கு வருமுன் ஒரு செருமல் செருமுவார், உள்ளே இருக்கும் பெண்கள் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். மாமனார் வருகிறார் என்பதை மருமகள் அறிவது இந்தச் சத்தத்தால்தான். பக்கத்து மலாய்க் கம்பங்களிலும் இதே வழக்கம் இருந்தது. இப்படி நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தத்தை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பினாங்கின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சன் பெயரால் 1882-இல் இது தெலுக் ஆன்சன் ஆனது. நூறு ஆண்டு கழித்து 1982-இல் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது. 1885-இல் எழுந்த சாய்ந்த கோபுரம் இன்றும் நிற்கிறது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் வந்தது. உள்நாட்டிலிருந்து ஈயமும், பின்னர் ரப்பரும் இந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறின. ரப்பருக்கும் பேராக்குக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளில் ஒன்பதை பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றின் தலைமுறையில் ஒரு மரத்தை இன்றும் அங்கே காணலாம்.

1906-இல் ஏஜ் வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர் தெலுக் ஆன்சனுக்குப் பக்கத்தில் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கினார். இன்று யுனைடெட் பிளான்டேஷன்ஸ் என்று அறியப்படும் நிறுவனத்தின் வேர் அதுதான். அதே 1906-இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் 'அலர்ஜி', அதாவது ஒவ்வாமை, என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தார். ஒரே பொருள் ஒருவர் உடலில் ஒன்றும் செய்யாமல் இருக்க, இன்னொருவர் உடல் ஏன் அதை எதிரியாகப் பார்க்கிறது என்பது அவருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தை 1960-களின் கடைசியில்தான், அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதாவது கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்த காலம் முழுவதும், 1938-இல் இந்திய அரசு அதை நிறுத்தும் வரையிலும், அதற்குப் பின் ஒரு தலைமுறைக்கும், தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸரால் இந்தப் புரதத்தைச் சோதித்துப் பார்த்திருக்கவே முடியாது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒவ்வாமை எப்படிச் செருமலாகிறது? மூக்கும் அதன் பின்புறமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சளிநீரைச் சுரக்கின்றன. அது தொண்டை வழியே இறங்கி வயிற்றுக்குப் போய்விடும். நமக்குத் தெரிவதே இல்லை. ஒவ்வாத தூசியோ மகரந்தமோ மூக்கின் உட்சவ்வில் பட்டதும் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. சவ்வு வீங்கும், தும்மல் வரும், நீர் அதிகமாகும். மூக்கு அடைத்துக்கொண்டால் சளி முன்பக்கம் வராமல் பின்பக்கமாக ஒழுகித் தொண்டையில் ஒட்டும். ஏதோ சிக்கியிருப்பதுபோல் இருக்கும். உடனே கை வாய்க்குப் போகும், ஒரு செருமல் வரும். சிலருக்கு மேலண்ணம் அரிக்கும். நாக்கின் அடிப்பகுதியை மேலே தேய்த்து ஒரு வினோதச் சத்தம் எழுப்புவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுவார்கள். மூக்கடைப்பால் இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டவருக்குக் காலையில் தொண்டை காய்ந்து கிடக்கும். அதனால்தான் விடியற்காலைச் செருமல் மற்ற நேரத்தைவிடக் கடுமையாக இருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒவ்வொரு முறை செருமும்போதும் குரல்நாண்கள் இரண்டும் வேகமாக மோதுகின்றன. மோதிய இடம் புண்ணாகிச் சற்று வீங்கும், அதைக் காக்க இன்னும் சளி சுரக்கும், அந்தச் சளியை அகற்ற இன்னொரு செருமல் தேவைப்படும். தொடக்கிவைத்த ஒவ்வாமை அடங்கிய பிறகும் செருமல் நிற்காததற்கு இது ஒரு காரணம்.

புகையையும் அமோனியாவையும் ஒவ்வாமை என்று சொல்லக் கூடாது. பால் உறைந்துவிடாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா, தொட்டியில் உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட், புகைக்கொட்டகைப் புகை ஆகியவை எவருடைய தொண்டையையும் நேரடியாக எரிச்சலூட்டும். அதற்கு உடலில் தனியாக எதிர்ப்புப் புரதம் வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமையால் வீங்கிய மூக்கில் இந்தப் புகை படும்போது துன்பம் இரட்டிப்பாகிறது. தோட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. எது புகையால் வந்தது, எது ஒவ்வாமையால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது வைத்தியருக்கும் எளிதல்ல.

ஒவ்வாமையின் முக்கிய ஊற்று ரப்பர் பாலைப் பதப்படுத்தும் ஸ்டோரில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற இருவர் வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு உண்மைக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி என்று காட்டினார்கள். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குத் தீனி. காற்றில் ஈரம் இருந்தால்தான் அது பிழைக்கும். பேராக் ஆறு வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போகும் இந்தத் தாழ்நிலத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. லயத்து வீட்டின் இலவம்பஞ்சு மெத்தையும், ஆண்டுக்கணக்கில் மாற்றாத தலையணையும், தகரக் கூரைக்கு அடியில் மழைக்காலத்தில் உலராமல் கிடக்கும் போர்வையும் அதற்கு ஏற்ற இடங்கள். ஐரோப்பாவில் காணும் இனத்தோடு, வெப்ப நாடுகளுக்கே உரிய புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற இனமும் மலேசிய வீடுகளில் உண்டு. படுக்கையை உதறிப் போடும் அம்மாவுக்குக் காலையில் பத்துத் தும்மல் வருவதற்கு உதறலில் எழும் தூசியே காரணம். மெத்தையை முற்றத்தில் வெயிலுக்குப் போடும் பழைய வழக்கத்தை மருத்துவமும் நல்லது என்றே சொல்லும்.

பாகான் டத்தோ பக்கம் தென்னைதான் ஆட்சி செய்தது. அங்கே கொப்பரையை உலர்த்தும் சூளைகளில் மட்டையும் சிரட்டையும் எரிந்தன. அந்தப் புகையும், கொப்பரையில் பிடிக்கும் பூசணமும் தனிக்கதை.

செம்பனையின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் பெண்களின் கதை, அதனாலேயே குறைவாகச் சொல்லப்பட்டது. 1960-களில் ரப்பர் விலை சரிந்தபோது தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கின. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த மரத்தில் ஆண்பூங்குலை வேறு, பெண்பூங்குலை வேறு. தீபகற்ப மலேசியாவில் இயற்கையாக மகரந்தம் சேருவது போதாமல் காய்ப்பு குறைந்தது. ஆகவே கையால் சேர்த்தார்கள். ஆண்பூங்குலையிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, உலர்த்தி, சலித்து, டால்க் மாவோடு கலந்து, ஊதுகுழல் பொருத்திய சிறு குப்பியில் நிரப்புவார்கள். ஒரு பெண், மரம் மரமாக நடந்து, விரிந்த பெண்பூ எங்கே என்று மட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துத் தேடி, கண்டதும் குப்பியை அழுத்தி ஊதுவார். மஞ்சள் கலந்த வெள்ளைத் தூள் பூமேல் படியும். கொஞ்சம் முகத்தின்மேலும் படியும். இரண்டொரு நாளில் அதே நிரையில் மறுபடியும் வர வேண்டும், ஏனென்றால் பூ விரிந்து நிற்கும் காலம் அவ்வளவுதான்.

செம்பனை மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது என்பது பின்னால் தெரிந்தது. சிங்கப்பூரில் காற்றில் மிதக்கும் மகரந்தங்களைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள், அங்கே ஒவ்வாமை உள்ளவர்களின் தோலில் செம்பனை மகரந்தத்தை வைத்துச் சோதித்தபோது பலருக்குத் தடிப்பு எழுந்ததை 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். செம்பனைத் தோட்டமே இல்லாத நகரத்து மக்களுக்கே இப்படி என்றால், அதைக் குப்பியில் நிரப்பி முகத்துக்கு நேரே ஊதிய பெண்களின் நிலை என்ன? கண் எரிச்சலும் மூக்கொழுகலும் செருமலும் அவர்களில் பலருக்கு வந்திருக்க வேண்டும் என்று நம்ப எல்லாக் காரணமும் இருக்கிறது. கட்டியிருந்தது ஒரு துண்டுத் துணி மட்டும்தான்.

அந்த வேலைக்கு முடிவு கட்டியது ஒரு வண்டு. கேமரூன் நாட்டில் செம்பனை மகரந்தத்தைச் சேர்ப்பது எலைடோபியஸ் கேமருனிகஸ் என்ற சிறு வண்டுதான் என்று பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் வல்லுநர் ரஹ்மான் சையத் கண்டறிந்தார். தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன் அந்த ஆய்வுக்குத் துணை நின்றார். 1981-இல் ஜொகூர் குளுவாங்கில் உள்ள பாமோல் தோட்டத்தில் வண்டு விடப்பட்டது. சில மாதங்களில் அது தீபகற்பம் எங்கும் பரவியது. காய்ப்பு கூடியது, கம்பெனிகளுக்குப் பெரும் செலவு மிச்சமானது. ஊதுகுழல் ஏந்திய பெண்கள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த வேறு வேலைகளில் ஒன்று மருந்து அடிப்பது. முதுகில் தொட்டியைச் சுமந்து நிரைக்கு நிரை பாராகுவாட் தெளித்த பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வடிந்தது, தொண்டை புண்ணானது, நகம் நிறம் மாறி விழுந்தது. ஐரின் ஃபெர்னாண்டஸ் நடத்திய டெனாகனித்தா அமைப்பு தோட்டத்து மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். இது ஒவ்வாமையால் வந்த துன்பம் அல்ல, நேரடி நஞ்சு. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளினிக்குக்குப் போன பெண்ணிடம், "என்ன வேலை செய்றீங்க?" என்ற ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் பலருடைய துன்பம் முன்பே வெளியே தெரிந்திருக்கும்.

ரப்பர் பாலே ஒவ்வாமை தரும் என்ற செய்தி உலகுக்கு உறைத்தது இதற்கிடையில்தான். 1979-இல் நட்டர் என்ற மருத்துவர், ரப்பர் கையுறை போட்ட பெண்ணுக்குக் கையில் தடிப்பு வந்ததை இங்கிலாந்தின் தோல்நோய் இதழில் எழுதினார். அப்போது அது அபூர்வச் செய்தி. எய்ட்ஸ் பயம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1987-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்றது. ஒரே அடியாகக் கையுறைக்குத் தேவை பெருகியது. மலேசியாவில் ஆலைகள் முளைத்தன. அவசரத்தில் செய்த கையுறைகளில் பாலின் புரதம் சரியாகக் கழுவப்படாமல் தங்கியது.

கையுறையை எளிதாக மாட்டுவதற்காக உள்ளே சோளமாவு தூவினார்கள். பாலின் புரதம் அந்த மாவில் ஒட்டிக்கொண்டது. கையுறையைச் சட்டென்று கழற்றும்போது மாவு அறைக் காற்றில் பறந்தது. நர்ஸ்களும் பல் மருத்துவர்களும் தும்மத் தொடங்கினார்கள், தொண்டையைச் செருமத் தொடங்கினார்கள், சிலருக்கு ஆஸ்துமாவே வந்தது. 1991-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பிறப்பிலேயே முதுகுத்தண்டில் குறையோடு வந்து பல முறை அறுவை செய்துகொண்ட குழந்தைகள் இதில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழைப்பழமும் பப்பாளியும் அவகாடோவும்கூட ஒத்துக்கொள்வதில்லை என்பதும் தெரியவந்தது. ஒத்த அமைப்புள்ள புரதங்கள் அவற்றில் இருக்கின்றன.

1920-களில் தொடங்கப்பட்ட மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதில் சும்மா இருக்கவில்லை. கையுறையை வெந்நீரில் நன்றாக அலசுவது, குளோரின் கொண்டு மேற்பரப்பைப் பதப்படுத்துவது, புரதம் நீக்கிய ரப்பர் தயாரிப்பது என்று வழிகள் வந்தன. புரதம் குறைந்த, மாவு இல்லாத கையுறைக்குத் தரக்குறியீடு வகுக்கப்பட்டது. மாவுக் கையுறையைக் கைவிட்ட ஜெர்மனியில் மருத்துவமனை ஊழியர்களின் ரப்பர் ஒவ்வாமைப் புகார்கள் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவுக் கையுறையைத் தடையே செய்தது. காற்றில் பறந்த மாவை நிறுத்தியதும் தொண்டைகள் அடங்கின. காரணத்தைக் கண்டுபிடித்து அகற்றினால் செருமல் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இத்தனையும் நர்ஸ்களுக்காகவும் மருத்துவர்களுக்காகவும் நடந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பாலை மங்கில் பிடித்தவருக்கும், அமோனியா கலந்தவருக்கும் இதே அக்கறை இதே வேகத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

1990-களிலிருந்து புகைமூட்டமும் சேர்ந்துகொண்டது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடும் கரிநிலமும் எரியும் புகை 1997-இல் மலேசியாவை மூடியது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015-இலும் 2019-இலும் பள்ளிகள் மூடப்பட்டன. கீழ்ப் பேராக்கின் சதுப்பு மண்ணிலும் கரிநிலம் உண்டு. வறட்சியில் அது பற்றினால் மேலே தீ தெரியாமலேயே நாள்கணக்கில் புகையும்.

இன்று லயங்கள் பெரும்பாலும் இல்லை. தோட்டத்து மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போடும் அறையில், துவைக்காத திரைச்சீலையிலும் தடித்த மெத்தையிலும் தூசிப்பூச்சி சுகமாக வாழ்கிறது. தாத்தாவின் செருமலைப் பழக்கம் என்று ஒதுக்கிய அதே வீட்டில் இப்போது பேரப்பிள்ளை செருமுகிறது.

அதற்கு மருந்து உண்டு. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை மருத்துவர் சொன்னபடி சில வாரம் தொடர்ந்தால் வீக்கம் வற்றும். தூக்கம் தராத அலர்ஜி மாத்திரைகள் இருக்கின்றன. கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்கலாம். செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் குரல்நாண்கள் பிழைக்கும். கோடாரித் தைலத்தை முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும், ஆனால் வீக்கம் அப்படியேதான் இருக்கும். எல்லாச் செருமலும் ஒவ்வாமையால் வருவதல்ல. வயிற்று அமிலம் மேலேறுவதால் வரலாம், சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வரலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, உடல் இளைத்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குப்பியில் மகரந்தம் நிரப்பி ஊதிய பெண்களில் பலர் இன்று 65, 70 வயதைத் தாண்டியவர்கள். தெலுக் இந்தானிலும், ஊத்தான் மெலிந்தாங்கிலும், பாகான் டத்தோவிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலை எப்படி நடந்தது, அதனால் உடம்புக்கு என்ன வந்தது என்பது அவர்களுடைய நினைவில்தான் இருக்கிறது. வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், கோயில் நிர்வாகங்களும், படிக்கிற பேரப்பிள்ளைகளும் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை ஆண்டு, என்ன உபாதை என்ற நான்கு விவரம் போதும். அதில் ஒரு பிரதியை அவர்கள் வைத்தியம் பார்க்கும் கிளினிக்கிலும் கொடுத்துவையுங்கள்.